அலுவலகத்துச் சிரிப்பும் இல்லத்தின் ஹயாவும்

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

பெருங்களத்தூரில் வாரம் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் நாம் நடத்தி வரும் பாடத்திற்குத் தவறாமல் வருகிற பெரியவர் ஒருவர் உண்டு. ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் ஒரு நாள், பாடம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அவர் மட்டும் தூணோரமாகவே உட்கார்ந்திருந்தார். நாம் அருகில் சென்று ஸலாம் சொன்னதும், மெல்லக் கேட்டார்.

"ஹஜ்ரத், என் மகளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். மார்க்கப்படி அதுதானே சரி?"

"ஏன் அத்தா, ஏதாவது நடந்துவிட்டதா?" என்று கேட்டோம்.

"ஒன்றும் நடக்கவில்லை. டி.வி.யிலே பார்த்தேன்" என்றார்.

பிறகு விவரமாகச் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவருடைய மகன் கைப்பேசியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, ஓர் அலுவலகத்தில் நடக்கிற நகைச்சுவைத் தொடரைப் போட்டிருக்கிறான். வாலிபர்களும் யுவதிகளும் ஒரே மேஜையில் வேலை செய்கிறார்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்கிறார்கள், கேண்டீனில் காதல் பேசுகிறார்கள், மேலதிகாரியோ முட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பெரியவரின் தாயாரும் கூடச் சிரித்திருக்கிறார். பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஐ.டி. கம்பெனியில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் அவருடைய மகளும் சிரித்துக்கொண்டிருந்தாள். "உங்கள் ஆபீசிலேயும் இப்படித்தான் நடக்கிறதாம்மா?" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அந்தப் பெண் எழுந்து உள்ளே போனவள்தான். நான்கு நாட்களாகத் தகப்பனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெரியவரின் கேள்வி ஒன்று போலத் தோன்றினாலும், உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட நகைச்சுவைத் தொடர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்தவைதாமா என்பது ஒன்று. அவற்றைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளின் வேலையையும் ஒழுக்கத்தையும் எடைபோடலாமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.

பெருங்களத்தூருக்கு இது தூரத்து விஷயமன்று. ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கிய இடத்தில் இன்று ஐ.டி. வளாகம் நிற்கிறது. பக்கத்துத் தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் ஏற்படுத்தப்பட்ட ஏற்றுமதி வளாகத்திற்கும், சிறுசேரிப் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் காலையில் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தலையில் முக்காடும் தோளில் பையுமாக நிற்கும் பெண்பிள்ளைகளைத் தினமும் காண்கிறோம். அவர்களுடைய சம்பளத்தில்தான் பல வீடுகளில் வாடகையும், தம்பி தங்கைகளின் படிப்பும், பெற்றோரின் மருந்தும் நடக்கின்றன.

இத்தொடர்கள் எத்தகையவை?

ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன், அது என்னவென்று அறிந்துகொள்வது அவசியம். எல்லாத் தொடர்களையும் ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டுவது நியாயமாகாது.

அலுவலக நகைச்சுவைகளில் உலகெங்கும் பேசப்பட்டது 'தி ஆபீஸ்' என்பதாகும். 2001-ல் இங்கிலாந்தின் பி.பி.சி.யில் வந்தது. ஸ்லவ் என்ற ஊரில் உள்ள ஒரு காகிதக் கம்பெனி. தன்னை எல்லோரும் நேசிப்பதாக நம்பிக்கொண்டு, எல்லோரையும் புண்படுத்துகிற ஒரு மேலாளர். அவருக்குக் கீழே வாழ்க்கையே சலித்துப்போன ஊழியர்கள். இதையே அமெரிக்காவில் 2005 முதல் 2013 வரை ஒன்பது பருவங்களாக எடுத்தார்கள். 2019-ல் ஃபரீதாபாத் நகரத்துக் கம்பெனியாக மாற்றி இந்தியிலும் எடுத்தார்கள்.

இந்தியில் அதற்கு முன்பே, அதே 2001-ல், சப் டி.வி.யில் 'ஆபீஸ் ஆபீஸ்' என்ற தொடர் வந்தது. அதில் பங்கஜ் கபூர் முசத்தி லால் என்ற சாமான்யக் குடிமகனாக நடித்தார். ஏதாவது ஒரு காரியத்துக்காக அரசு அலுவலகத்துக்கு அவர் போவார். அங்குள்ள ஊழியர்கள் மேஜைக்கு மேஜை அவரை அலைக்கழிப்பார்கள். கையில் காசு வைக்காமல் காகிதம் நகராது.

தமிழில், 2013 முதல் 2015 வரை விஜய் டி.வி.யில் 'ஆபீஸ்' என்ற பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. களம் ஐ.டி. கம்பெனி, கதை அங்கு வேலை பார்க்கும் வாலிபர்களின் நட்பும் கேலியும் காதலும்.

இம்மூன்றும் ஒரே ரகமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஆபீஸ் ஆபீஸ்' லஞ்சத்தைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறது. 'தி ஆபீஸ்' அதிகாரத்தில் இருப்பவனின் அறிவீனத்தைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறது. தமிழ் 'ஆபீஸ்' முதலிய தொடர்களோ வேலைத்தலத்தைக் காதலுக்கும் கேலிக்கும் உரிய மேடையாக வைத்து மகிழ்விக்கின்றன. எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதே முதல் கேள்வி.

உருவப்படம், இசை ஆகியவை பற்றி உலமாப் பெருமக்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை இங்கே நாம் எடுக்கவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய நாளிலிருந்து அந்த விவாதம் நம்மிடையே நடந்து வருகிறது. பேணுதலை விரும்பி இவற்றை அறவே ஒதுக்கியிருக்கும் குடும்பங்களுக்கு அல்லாஹ் மேலும் பரக்கத் செய்வானாக! நாம் பேசுவது, திரை ஏற்கனவே நுழைந்துவிட்ட வீடுகளைப் பற்றி. அன்று திரை கூடத்தில் ஒரு மூலையில் இருந்தது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

சிரிப்பே கூடாதா?

மார்க்கம் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பது என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் புன்முறுவல் பூத்த திருமுகத்தினர். தோழர்களோடு நகைச்சுவையாக உரையாடியவர்கள். வாகனம் கேட்டு வந்த ஒருவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். சிட்டுக்குருவி இறந்து வருந்திய சின்னஞ்சிறு அபூ உமைர் (ரலி) அவர்களைச் செல்லமாக விசாரித்ததையும் நாம் அறிவோம். தாங்கள் விளையாட்டாகப் பேசினாலும் உண்மையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்ற கருத்தையும் தோழர்களிடம் தெளிவுபடுத்தினார்கள்.

பார்ப்பதிலும் ஆதாரம் உண்டு. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்க, நாயகம் (ஸல்) அவர்கள் திரையாக நின்றுகொண்டார்கள். அன்னையார் தாமாகவே அலுத்து விலகும்வரை பொறுமையாக நின்றார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிற சம்பவம் இது. குடும்பத்தாரின் மனமகிழ்ச்சிக்கு இடம் கொடுப்பது சுன்னத்துக்குப் புறம்பானதன்று என்பதற்கு இது தெளிவான சான்று.

ஆனால் இதே சம்பவத்தை வைத்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் ஓர் எச்சரிக்கை செய்கிறார்கள். நாவின் விபரீதங்களை இருபதாக வகுத்து எழுதுமிடத்தில், பரிகாசத்தையே வழக்கமாக்கிக்கொண்டு அதற்கு நபி (ஸல்) அவர்களின் செயலை ஆதாரம் காட்டுபவன், பெருநாளில் ஒருமுறை பார்க்க அனுமதித்ததை வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் ஆட்டக்காரர்களின் பின்னாலேயே சுற்றுகிறவனைப் போன்றவன் என்கிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு எழுதப்பட்ட இந்த உவமையை இன்றைய நம் இரவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிகழ்ச்சி முடியுமுன்பே அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. இஷா தள்ளிப்போகிறது, ஸுபுஹு தவறிப்போகிறது. சிறிய அளவில் ஆகுமானது, ஓயாமல் செய்தால் ஆகாததாகிவிடுகிறது.

ஐந்து உரைகற்கள்

தங்கத்தை உரைத்துப் பார்ப்பதுபோல, ஒரு நகைச்சுவைத் தொடரை ஐந்து கற்களில் உரைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, பரிகாசம். திருமறையின் 49-வது அத்தியாயம் 11-வது வசனத்தில், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும், பெண்கள் பெண்களை ஏளனம் செய்வதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அல்லாஹ் விலக்குகிறான். பல நகைச்சுவைகளின் மூலதனமே இதுதான். தடித்தவர், கறுத்தவர், திக்கிப் பேசுபவர், கிராமத்திலிருந்து வந்து ஆங்கிலம் தடுமாறுபவர் ஆகியோரே சிரிப்புக்குப் பலியாகிறார்கள். நல்ல எழுத்தாளன் எழுதிய காட்சியில் ஒரு நுட்பம் இருக்கும். புண்படுத்துகிற மேலாளரைப் பார்த்துத்தான் நம்மைச் சிரிக்கச் சொல்வான், புண்பட்டவரைப் பார்த்தல்ல. பெரியவர்களுக்கு இது விளங்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்குமா? அவன் அந்தக் கேலி வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். நம் மக்தபிலேயே ஒரு சிறுவன் இன்னொருவனைத் தொடரில் கேட்ட பட்டப்பெயரால் அழைத்து அழவைத்ததைக் கண்டோம். எங்கே கற்றாய் என்று கேட்டபோது, "வீட்டில் எல்லோரும் சிரித்தார்களே ஹஜ்ரத்!" என்றான். நமக்குப் பதில் சொல்ல வாயில்லை.

இரண்டாவது, புறம் பேசுதல். 'தி ஆபீஸ்' வகைத் தொடர்கள் ஆவணப்படம் போல எடுக்கப்படுகின்றன. பக்கத்து மேஜைக்காரரிடம் சிரித்துப் பேசிவிட்டு, தனியே வந்து கேமராவைப் பார்த்து அவரைப் பற்றியே ஏளனமாகச் சொல்வது அவற்றின் முக்கிய உத்தி. யோசித்துப் பாருங்கள்: கேமரா இருக்கும் இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். நம் காதில்தான் அந்தப் புறம் ஓதப்படுகிறது. நடிப்புதான், உண்மையான மனிதர் எவரும் புண்படவில்லை என்பது சரியே. அதனால் அதற்கு அசல் கீபத்தின் சட்டத்தை நாம் விதிக்கவில்லை. ஆனால் செவி பழகிவிடுகிறது. இன்னாரிடம் ஒரு முகமும் மற்றவரிடம் மறுமுகமும் காட்டுகிற இருமுகத்தானை மனிதர்களில் மிகக் கெட்டவர்களில் ஒருவனாக நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த இருமுகத்தானே தொடரில் எல்லோருக்கும் பிடித்த நாயகனாக வரும்போது, நமக்குள் அந்தக் குணத்தின் மீதிருந்த அருவருப்புக் குறைந்துபோகிறது.

மூன்றாவது, ஏமாற்றி விளையாடுதல். 'தி ஆபீஸ்' தொடரின் முதல் நிகழ்ச்சியிலேயே, சக ஊழியரின் ஸ்டேப்ளரை எடுத்து ஜெல்லிக்குள் உறைய வைத்துவிடும் குறும்பு வருகிறது. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. நாமும் அதைப் பார்த்தபோது சிரித்துவிட்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. சிரித்து முடித்த பின்தான் அபூதாவூதில் வரும் ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. பயணத்தில் ஒரு தோழர் உறங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் விளையாட்டாக அவருடைய கயிற்றை எடுத்தனர். அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகாது என்று அண்ணலார் (ஸல்) தடுத்தார்கள். விளையாட்டுக்கானாலும் பிறர் பொருளை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் ஹதீஸில் வந்துள்ளது. ஒரு துண்டுக் கயிறுதான்! அதற்குள்ளும் மனிதனுடைய நிம்மதியின் மதிப்பைப் பார்த்த மார்க்கம் இது.

நான்காவது, அமானத். பெரும்பாலான தொடர்களில் அலுவலகம் இருக்கும், வேலை இருக்காது. கதாபாத்திரங்கள் காலை முதல் மாலை வரை அரட்டையடிப்பார்கள். மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும். சம்பளம் வாங்கிக்கொண்டு நேரத்தைக் களவாடுவதும் மோசடியே. அளவையில் குறைப்பவர்களைப் பற்றி 83-வது அத்தியாயத்தின் தொடக்கத்தில் வருகிற எச்சரிக்கையை, தம் பங்கை நிறைவாக வாங்கிக்கொண்டு பிறர் பங்கைக் குறைக்கும் எல்லோருக்கும் பொருத்திப் பார்க்கலாம். லஞ்சமும் இப்படியே. கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று அபூதாவூது, திர்மிதீ நூல்களில் வருகிறது. 'ஆபீஸ் ஆபீஸ்' லஞ்சத்தைச் சாடியது மெச்சத்தக்கது. ஆனால் அநீதியைப் பார்த்து வருடக்கணக்கில் சிரித்துப் பழகியவன், "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்று தானும் கவரை நீட்டத் துணிந்துவிடக் கூடாது. கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு மட்டும் வந்தால், அந்தச் சிரிப்பில் பயனில்லை.

ஐந்தாவது, ஹயா. குடும்பங்களுக்கு இதுவே பெரிய உரைகல். மருமகளும் மாமனாரும், வயதுவந்த மகளும் தகப்பனும், அண்ணனும் தங்கையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கையில், இரட்டை அர்த்தப் பேச்சு ஒன்று வருகிறது. என்ன நடக்கிறது? ஒருவர் கைப்பேசியைப் பார்க்கிறார்; ஒருவர் தண்ணீர் குடிக்க எழுகிறார்; இன்னொருவர் இருமுகிறார். அந்தச் சங்கடமே ஈமானின் ஒரு கிளையாகிய ஹயா உயிரோடிருக்கிறது என்பதற்கு அடையாளம். பத்தாவது தடவை அதே காட்சி வரும்போது எவரும் எழுவதில்லை, இருமுவதில்லை என்றால், அங்கே ஹயா மெல்ல எழுந்து போய்விட்டது என்று பொருள்.

இவ்வைந்திலும் தேறுகிற நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு அளவாகப் பார்த்து மகிழ்வதை விலக்க வேண்டியதில்லை என்பதே நமது கருத்து. ஒன்றிரண்டில் சறுக்குவதைப் பெரியவர்கள் அறிந்து தவிர்த்துக்கொள்ள வேண்டும். ஹயாவில் தோற்பதைக் குடும்பத்தின் நடுவே வைக்கவே கூடாது.

மத்யன் கிணற்றடி

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஆணும் பெண்ணும் வேலை செய்யும் இடமென்றால் காதலும் கேலியுந்தானா? திருமறையே ஒரு வேலைத்தலத்தைக் காட்டுகிறது. 28-வது அத்தியாயம் 23 முதல் 26 வரையுள்ள வசனங்களை வீட்டில் தர்ஜுமாவோடு ஓதிப் பாருங்கள்.

மத்யன் நகரத்துக் கிணறு. ஆட்டிடையர்கள் கூட்டமாக நின்று தண்ணீர் புகட்டுகிறார்கள். இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். மூஸா (அலை) அவர்கள் காரணம் கேட்கிறார்கள். இடையர்கள் போனபின்பே தாங்கள் புகட்ட முடியும் என்றும், தங்கள் தந்தை மிகவும் முதியவர் என்றும் அவர்கள் கூறுகிறார்கள். அவ்வளவுதான் பேச்சு. மூஸா (அலை) அவர்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு, நிழலுக்குத் திரும்பிப்போய், தம் ரப்பிடம் கையேந்துகிறார்கள். பிறகு அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, தந்தை அழைக்கும் செய்தியைச் சொல்கிறார். வீட்டிற்கு வந்ததும் அவர்களில் ஒருவர், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுமாறு தந்தைக்கு யோசனை கூறுகிறார். அதற்கு அவர் காட்டும் தகுதிகள் இரண்டு: வலிமையும் நம்பகத்தன்மையும்.

இதில் எத்தனை பாடங்கள்! குடும்பத் தேவைக்காகப் பெண்மக்கள் வெளியே வருகிறார்கள். கண்ணியத்தோடு ஒதுங்கி நிற்கிறார்கள். உதவுகிற ஆண் தேவையான கேள்வியை மட்டும் கேட்கிறார். உதவியை வைத்துப் பேச்சை வளர்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதிய தந்தையைப் பாருங்கள். பலரும் அவரை ஷுஐப் (அலை) என்பர். வெளியே போய் வந்த மகளிடம் அந்நிய ஆணைப் பற்றிய சொல் வந்ததும் அவர் சந்தேகிக்கவில்லை. மகளின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டார். அவளுடைய யோசனையை மதித்தார்.

நாயகம் (ஸல்) அவர்களே நபித்துவத்துக்கு முன் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வியாபாரப் பொருள்களைச் சுமந்து ஷாம் தேசம் சென்று திரும்பினார்கள். அங்கே விளங்கிய பெயர் 'அல்அமீன்' என்பதே. வேலைத்தலத்துக்கு நம் முன்மாதிரி இதுதான், தொடர்கள் அல்ல.

திரையை வைத்துத் தீர்ப்பா?

நாம் பெரியவரிடம் மேற்படி வசனங்களைச் சொல்லிவிட்டு, 'ஆபீஸ் ஆபீஸ்' தொடரைப் பற்றியும் விவரித்தோம். பிறகு கேட்டோம்: "அத்தா, நீங்களும் அரசு உத்தியோகத்தில் முப்பது ஆண்டு இருந்தீர்கள். லஞ்சம் வாங்கினீர்களா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! ஒரு பைசா தொட்டதில்லை ஹஜ்ரத்!" என்று துடித்துவிட்டார்.

"அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு உங்கள் மகள், 'அத்தா, உங்கள் ஆபீசிலேயும் இப்படித்தானா?' என்று உறவினர்கள் முன்னால் கேட்டிருந்தால்?"

பெரியவர் தலைகுனிந்தார். சிறிது நேரம் பேசவேயில்லை.

சகோதரர்களே, ஊகங்களில் பலவற்றை விட்டு விலகும்படி 49-வது அத்தியாயம் 12-வது வசனம் கட்டளையிடுகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பிய வேளையில், கேட்டவுடனேயே நல்லெண்ணம் கொள்ளாமல் போனதைப் பற்றி 24-வது அத்தியாயம் 12-வது வசனம் கண்டிக்கிறது. அங்கேயாவது ஒருவன் வாய் திறந்து பழி சொன்னான். இங்கே எவரும் எதுவும் சொல்லவில்லை. கூலிக்கு நடித்தவர்களின் கதையைக் கொண்டு சொந்த மகளை நிறுத்திக் கேள்வி கேட்டுவிட்டோம்.

இதனால் வேலைத்தலங்களில் தவறே நடப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை. நடக்கிறது. அதற்கு வழி கண்காணிப்பும் துணையுமே, பழியல்ல. தொடர்களில் வேடிக்கையாகக் காட்டப்படும் அசிங்கப் பேச்சும், விரும்பாத பெண்ணைத் தொடர்ந்து நச்சரிப்பதும் உண்மையில் சட்டப்படி குற்றமாகும். உச்ச நீதிமன்றம் 1997-ல் விசாகா வழக்கில் வகுத்த நெறிகளைத் தொடர்ந்து, வேலைத்தலத்தில் பெண்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கும் சட்டம் 2013-ல் வந்தது. பத்து பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் ஒவ்வொரு நிறுவனத்திலும் மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமையில் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். இதை நம் பெண்மக்கள் அறிந்திருக்க வேண்டும்; பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று: மகளுக்கு அங்கே ஒரு தொல்லை வந்தால், முதலில் தாய் தகப்பனிடம் சொல்லத் துணிவு வர வேண்டும். "சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள், என்னையே சந்தேகிப்பார்கள்" என்று அவள் அஞ்சினால், எல்லாவற்றையும் மனத்துக்குள் புதைத்துக்கொள்வாள். சந்தேகத்தால் நாம் அடைப்பது அவளுடைய வாயைத்தான். ஆபத்தின் வாசலை அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நாயக வாக்கின் கருத்து. மேய்ப்பாளர் தடியை மட்டும் ஓங்குகிறவரல்லர். மேய்ச்சல் நிலத்தை முதலில் போய்ப் பார்ப்பவர். ஆகவே:

1. புதிய தொடரைக் குடும்பத்தின் நடுவே போடுமுன், பெரியவர் ஒருவர் தனியாகப் பார்த்து ஐந்து உரைகற்களில் உரைத்துக்கொள்க.

2. இணையவழித் தொடர்களுக்கு 2021-ல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி வயதுக் குறி இட வேண்டும். யூ என்றால் எல்லோருக்கும். யூ/ஏ 7+, யூ/ஏ 13+, யூ/ஏ 16+ என்பவை அந்தந்த வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க. ஏ என்றால் வயதுவந்தோருக்கு மட்டும். 13+ முதல் மேற்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். கைப்பேசியில் அந்தப் பூட்டைப் போடப் பிள்ளைகளிடமே கேட்டுக் கற்றுக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் அரசின் 'யூ' குறி நம் ஹயாவுக்கு ஃபத்வா ஆகிவிடாது.

3. நேரத்தை வரையறுத்துக்கொள்க. தொழுகை நேரம் வந்தால் திரை அணைய வேண்டும். அடுத்த நிகழ்ச்சி தானாக ஓடும் வசதியை நிறுத்தி வைக்கலாம்.

4. தகாத காட்சி வந்துவிட்டால் கத்திக் கூச்சலிடாமல், பேசாமல் நிறுத்திவிடுக. நிறுத்தியதற்கான காரணத்தைப் பிறகு பிள்ளைகளுக்கு அன்போடு சொல்க. காரணம் தெரியாமல் அடக்கப்பட்ட பிள்ளை, போர்வைக்குள் அதையே பார்க்கும்.

5. பிள்ளைகள் வேலை முடிந்து வந்ததும், அவர்களுடைய அன்றைய நாளைப் பற்றிக் கேளுங்கள். விசாரணையாக அல்ல, விசாரிப்பாக. நம் வீட்டுக் கூடத்தில் உண்மையான அலுவலகக் கதைகள் பேசப்பட்டால், பொய்க் கதைகளின் தேவை தானே குறையும்.

பெரியவரின் வீடு

மறு வாரம் பாடத்துக்குப் பெரியவர் வந்தார். நாமாகக் கேட்கவில்லை, அவரே சொன்னார். மறுநாள் ஸுபுஹுக்குப் பிறகு மகளுக்குத் தாமே தேநீர் போட்டுக் கொடுத்தாராம். "அத்தா கேட்டது தப்பும்மா" என்று சொன்னாராம். அந்தப் பெண் அழுதிருக்கிறாள். பிறகு, மதியத்தில் தானும் இன்னும் இரண்டு பெண்களும் லுஹர் தொழுவதற்காகத் தயங்கித் தயங்கி ஓர் இடம் கேட்டதையும், தங்கள் குழுத் தலைவி சிறு கூட்ட அறையொன்றைத் தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்கித் தந்திருப்பதையும் சொன்னாளாம். அந்தத் தலைவி மாற்று மதத்தவர். "இரண்டு வருஷமாக இது நடக்கிறது ஹஜ்ரத், எனக்குத் தெரியாது. நான் கேட்டதேயில்லை" என்றார் பெரியவர். குரல் கம்மியது.

எந்தத் தொடரும் இந்தக் காட்சியை அவருக்குக் காட்டவில்லை. அது அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அந்தத் தொடரை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "மகள்தான் சொன்னாள். பாட்டி சிரிப்பதற்கு வேறு ஏதாவது நல்லதாகத் தேடித் தருகிறேன், இது வேண்டாம் அத்தா என்றாள்" என்று சொல்லிச் சிரித்தார்.

பாடச் சுருக்கம்: நகைச்சுவை ஆகும்; பொய், பரிகாசம், புறம், திடுக்கிட வைத்தல், ஹயாவின்மை ஆகா. ஆகுமானதிலும் அளவு வேண்டும். திரையில் கண்டதைக் கொண்டு மனிதர்கள் மீது, அதிலும் சொந்த மக்கள் மீது, தீர்ப்புச் சொல்லலாகாது. தாய்மார்கள் இதனை இவ்வாரம் வீட்டில் வாசித்துக் காட்டி, "நாம் கடைசியாக எதைப் பார்த்துச் சிரித்தோம்? அதனால் எவர் மனமாவது நோகுமா?" என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் சிரிப்பையும் உனக்குப் பொருத்தமானதாக ஆக்குவாயாக! எங்கள் மக்களின் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அவர்கள் செல்லும் வழிகளிலும் அமரும் இடங்களிலும் அவர்களுடைய கண்ணியத்தைக் காப்பாயாக! பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நல்லெண்ணத்தை நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.